எலிக்குப் பலித்தது நமக்கு எப்போது?

வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே மாதிரி தொடங்குகின்றன: "டீச்சர், வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று வந்தது, உண்மையா?" பெரும்பாலும் உண்மைதான். ஆனால் யாரிடம் சோதித்தார்கள், எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை யாரும் சேர்த்து அனுப்புவதில்லை. அந்த மிச்சத்தைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

கேள்வி: என் அப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று போன மாதம் சொன்னார்கள். ஆறு மாதம் ஒரு மருந்து ஏற்றினால் ஆபரேஷன், கதிர்வீச்சு எதுவும் இல்லாமல் நூற்றுக்கு நூறு பேரும் குணமாகிறார்கள் என்று சித்தப்பா ஒரு செய்தி அனுப்பினார். அப்பா இப்போது ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். அந்தச் செய்தி உண்மையா?
— மகள், பெருந்துறை

உங்களுக்குத் தபாலில் உடனே பதில் எழுதிவிட்டேன். இதே கவலையில் வேறு குடும்பங்களும் இருக்கும் என்பதால், உங்கள் சம்மதத்தோடு இங்கேயும் தருகிறேன்.

செய்தி உண்மை. மருந்தின் பெயர் டோஸ்டார்லிமாப். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஆண்ட்ரியா செர்செக், லூயிஸ் டியாஸ் என்ற மருத்துவர்கள் நடத்திய சோதனை. 2022 ஜூனில் முதல் முடிவு வந்தபோது 12 பேர். 12 பேருக்கும் கட்டி ஸ்கேனிலும் எண்டோஸ்கோப்பியிலும் தெரியாத அளவுக்கு மறைந்துவிட்டது. 2025-இல் வந்த அடுத்த அறிக்கையில், சிகிச்சையை முடித்த மலக்குடல் நோயாளிகள் 49 பேருக்கும் அதே பலன். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு மாதம் மருந்து ஏற்றினார்கள். புற்றுநோய்ச் சோதனைகளில் இப்படி ஒருவர்கூட விடுபடாமல் பலன் கிடைப்பது மிக மிக அபூர்வம். அதனால்தான் உலகமே அதைப் பேசியது.

ஆனால் அந்த 49 பேரும் ஒரே வகைக் கட்டி உள்ளவர்கள். அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் சோதனையில் சேர்த்தார்கள். நம் செல்கள் பிரியும்போதெல்லாம் டிஎன்ஏ நகலெடுக்கப்படுகிறது. நகலில் பிழைகள் விழும். அவற்றைத் திருத்துவதற்கென்று சில புரதங்கள் இருக்கின்றன. சிலரது கட்டியில் இந்தத் திருத்தும் வேலை நின்றுபோயிருக்கும். 'எம்எம்ஆர் குறைபாடு' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பிழைகள் குவியக் குவிய, அந்தக் கட்டியில் உடம்புக்குப் பழக்கமில்லாத புரதங்கள் பெருகும். நோய் எதிர்ப்புச் செல்கள் அதைச் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளும். கண்டுகொண்டாலும் தாக்க முடியாதபடி, பிடி-1 என்ற புரதம் வழியாக அவற்றுக்கு ஒரு தடை விழுகிறது. டோஸ்டார்லிமாப் அந்தத் தடையை எடுத்துவிடுகிறது. பிடி-1ஐ 1992-இல் கண்டறிந்தது ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவின் குழு. 2018-இல் ஜேம்ஸ் ஆலிசனோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆக, 2022-இல் திடீரென்று வந்த அதிசயம் இல்லை. முப்பது வருட வேலை.

மலக்குடல் புற்றுநோய் உள்ள நூறு பேரில் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் இந்த எம்எம்ஆர் குறைபாடு இருக்கும். மற்றவர்களுக்கு இந்த மருந்து மட்டும் கொடுத்து இப்படிப் பலன் வந்ததில்லை. அவர்களுக்குக் கதிர்வீச்சு, கீமோ, அறுவை சிகிச்சை என்ற பாதைதான் நம்பகமானது. அதில் குணமானவர்கள் ஏராளம். உங்கள் அப்பா அந்தப் பாதையைத் தள்ளிப்போட்டால் கட்டி காத்திருக்காது.

எனவே மருத்துவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "அப்பாவின் பயாப்ஸித் திசுவில் எம்எம்ஆர் பரிசோதனை செய்தாயிற்றா?" எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்று நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஏற்கெனவே எடுத்த திசுவே பெரும்பாலும் போதும். குறைபாடு இல்லை என்று வந்தால், அந்தச் செய்தி தனக்குப் பொருந்தாது என்பதை அப்பாவே அந்த அறிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். குறைபாடு இருக்கிறது என்று வந்தால், இதே வகையைச் சேர்ந்த வேறு மருந்துகளும் இந்தியாவில் இருக்கின்றன. எது பொருந்தும், என்ன செலவாகும் என்று புற்றுநோய் மருத்துவரிடம் விரிவாகக் கேளுங்கள். இவ்வகை மருந்துகள் விலை கூடியவை. இன்னொன்றும் உண்டு. இந்தக் குறைபாடு சிலருக்குப் பரம்பரையாக வருவது, லின்ச் சின்ட்ரோம் என்பார்கள். அப்படி உறுதியானால் அப்பாவின் உடன்பிறந்தவர்களும் நீங்களும்கூடப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

என் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை நடந்தபோது, பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பத்திரிகைத் துணுக்கோடு வந்தார்கள். எல்லாம் அன்பால்தான். ஆனால் அவர்கள் போன பிறகு, "நமக்கு ஏன் அதைத் தரவில்லை?" என்று அண்ணி இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். உங்கள் சித்தப்பாவிடம் கோபப்படாதீர்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள்.

கேள்வி: யானை எவ்வளவு பெரியது! நம்மைவிட அதற்கு நிறைய செல் இருக்குமே. அப்படியென்றால் அதற்குக் கேன்சரும் நிறைய வர வேண்டாமா?
— எட்டாம் வகுப்பு மாணவி, கூடலூர்

இதே கேள்வியை 1977-இல் ரிச்சர்ட் பீட்டோ என்ற பிரிட்டிஷ் அறிஞர் எழுப்பினார் அம்மா. செல் கூடக்கூட ஏதாவது ஒன்று தடம்புரளும் வாய்ப்பும் கூடத்தானே வேண்டும்? ஆனால் இறந்த யானைகளின் பதிவுகளைப் பார்த்தால் புற்றுநோயால் இறந்தவை சுமார் 5 சதவீதம்தான். மனிதர்களில் அது 11 முதல் 25 சதவீதம்.

காரணத்தின் ஒரு பகுதி 2015-இல் தெரியவந்தது. டிஎன்ஏ சேதமான செல்லைத் தடுத்து நிறுத்துவதற்கோ சாகவைப்பதற்கோ பி53 என்று ஒரு மரபணு இருக்கிறது. அம்மா வழியாக ஒன்று, அப்பா வழியாக ஒன்று என்று நமக்கு ஒரு ஜோடி. யானைக்கு 20 ஜோடி! யானை, மனிதன் இரண்டின் ரத்தச் செல்களிலும் கதிர்வீச்சைப் பாய்ச்சிப் பார்த்தபோது, சேதமான யானைச் செல்கள் நம்முடையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாகத் தாமே செத்துப்போயின. பழுதை ஒட்டுப்போட்டு வைத்திருப்பதைவிட அந்தச் செல்லையே ஒழிப்பது யானையின் வழி. நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய், இன்னும் எழுது.

கேள்வி: எங்களுக்கு நாலு ஏக்கர். சம்பாவுக்குப் பிபிடிதான் போடுகிறோம். 'கமலா' என்று புது நெல் வந்திருக்கிறது, ஏக்கருக்கு ஐந்தாறு மூட்டை கூடக் காணும் என்கிறார்கள். அது மரபணு மாற்றிய நெல்லா? நம்பிப் போடலாமா?
— விவசாயி, திருத்துறைப்பூண்டி

கமலாவே உங்கள் பிபிடியிலிருந்து வந்ததுதான். நாம் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பிபிடி 5204-ஐ, அதாவது சம்பா மசூரியை எடுத்து, ஹைதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதில் ஒரே ஒரு மரபணுவைத் திருத்தியிருக்கிறது. டிஆர்ஆர் தான் 100 என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். 2025 மே 4-ஆம் தேதி மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்தார். கூடவே டெல்லி பூசா நிறுவனம் உருவாக்கிய இன்னொரு ரகமும் அறிவிக்கப்பட்டது. அது எம்டியு 1010-இலிருந்து வந்தது, வறட்சியையும் உவரையும் தாங்குவதற்காக.

கதிரில் மணி கட்டும் இடத்தில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கி சுரக்கிறது. அது எவ்வளவு தங்குகிறதோ அதற்கேற்பக் கதிர் கிளைத்து மணி கூடும். அந்த ஊக்கியைச் சிதைத்துவிடும் ஒரு நொதியும் பயிரிலேயே இருக்கிறது. அந்த நொதிக்கான மரபணு பலவீனமாக இருக்கும் நெல்லில் மணி அதிகம் என்று ஜப்பானியர்கள் 2005-லேயே கண்டு எழுதிவிட்டார்கள். கமலாவில் செய்தது அதே மரபணுவை, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரி முறையில் வெட்டிச் செயலிழக்கச் செய்தது. வேறு உயிரினத்தின் மரபணு எதுவும் இறுதிப் பயிரில் இல்லை. பிடி பருத்தியில் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்தார்கள் அல்லவா, அந்த மாதிரி அல்ல இது. இயற்கையிலும் நடக்கக்கூடிய சின்ன மாற்றம் என்பதால் இத்தகைய திருத்தங்களுக்கு 2022-இல் மத்திய அரசு பழைய கடுமையான விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தது. மரபணு மாற்றமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: மரபணுவில் கை வைத்திருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது, ஆனால் வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து வைக்கவில்லை.

மூட்டைக் கணக்குக்கு வருவோம். அறிவித்த சராசரி, ஹெக்டேருக்குக் கமலா 5.37 டன், சம்பா மசூரி 4.5 டன். நம் அறுபது கிலோ மூட்டையில் சொன்னால் ஏக்கருக்கு முப்பது மூட்டை கண்ட இடத்தில் முப்பத்தாறு. உங்களிடம் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது, சுமார் இருபது நாள் முன்னதாக அறுவடைக்கு வரும் என்பதுதான். வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூரை மூடிவிடுவார்கள். கடைமடையில் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் காய்ந்து, கடைசித் தண்ணீருக்கு இன்ஜினைத் தூக்கிக்கொண்டு அலைவது உங்களுக்குத் தெரியாததா? அந்த இருபது நாள் மிச்சமானால் ஆறு மூட்டையைவிடப் பெரிய நிம்மதி.

ஆனால் அது பல மாநிலங்களின் சோதனை வயல்களில் எடுத்த சராசரி. திருத்துறைப்பூண்டி உவர் மண்ணில், நவம்பர் மழை நின்ற வயலில் என்ன காணும் என்பதை அந்த எண் சொல்லாது. சோதனைத் தரவுகளை இடம்வாரியாக முழுமையாக வெளியிடுங்கள் என்று சில அமைப்புகள் கேட்கின்றன. திருத்திய நெல்லை ஆதரிக்கும் நானும் அதையே கேட்கிறேன். இடம்வாரிக் கணக்கு தெரிந்தால்தானே நீங்கள் முடிவெடுக்க முடியும்? விதைப் பெருக்கம், காப்புரிமை விவகாரம் எல்லாம் முடிந்து விவசாயி கைக்கு வரச் சில ஆண்டு பிடிக்கும் என்று அறிவிப்பின்போதே சொன்னார்கள். அதனால் வேளாண் துறை டிப்போவிலோ பல்கலைக்கழகத்திலோ முறையான சான்று அட்டையோடு வராத 'கமலா விதை'யை வாங்கிவிடாதீர்கள். வந்தாலும் முதல் பட்டத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் விட்டுப் பாருங்கள்.

புது மரபணு வேலை நம் வயலுக்கு வந்து சேர்ந்ததற்கு ஒரு சாட்சி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. சிஆர் 1009 சப்-1 என்ற, வெள்ளம் தாங்கும் நெல். என் தம்பி அதைத்தான் போடுகிறான். ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது எஃப்ஆர் 13ஏ. வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் அது பிழைக்கும். சாதாரண நெல் மூழ்கினால் மேலே வர வேண்டுமென்று வேகமாக நீண்டு, இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்துவிட்டு அழுகிப்போகும். இது வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமித்துவைத்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்விடும். அதற்குக் காரணமான சப்-1 மரபணுவை 2006-இல் உறுதிசெய்தார்கள். வெட்டுவது ஒட்டுவது எதுவும் இல்லாமல், கலப்பின முறையிலேயே அந்த மரபணு வந்திருக்கிறதா என்று தலைமுறைதோறும் சோதித்துச் சோதித்து ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தில் ஏற்றி, 2009-இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். பின்னால் சிஆர் 1009-க்கும் வந்தது. பெருமழைக்குப் பிறகு தம்பி வயலில் தண்ணீர் வடிந்ததும், சேறு படிந்து படுத்துக் கிடந்த பயிரிலிருந்து பச்சைக் குருத்து கிளம்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: பலகாரக் கடையில் வேலை பார்க்கிறேன். லட்டுக்குப் போடுகிற மஞ்சள் கலரைத் தடவினால் தோல் கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் என்று வீடியோ வந்தது. தினமும் கையில் படுகிறது, ஒன்றும் தெரியவில்லையே?
— வாசகர், விருதுநகர்

நீங்கள் சொல்வது டார்ட்ராசின். பொட்டலத்தில் 102 என்று எண் இருக்கும். 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவோசோங் ஹாங், ஸிஹாவோ ஓ ஆகியோரின் குழு 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. அடர்த்தியான டார்ட்ராசின் கரைசலை எலியின் தோலில் தடவியதும் சில நிமிடங்களில் அந்த இடம் ஊடுருவிப் பார்க்கும்படி ஆனது. வயிற்றுத் தோல் வழியாகக் குடல் அசைவதையும், தலைத்தோல் வழியாக மூளையின் ரத்தக் குழாய்களையும் கத்தி வைக்காமல் பார்த்தார்கள். கழுவியதும் தோல் பழையபடி ஆகிவிட்டது.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், இதன் பின்னால் இருப்பது பள்ளி இயற்பியல். ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்து காட்டுவேன். பீக்கரில் கிளிசரின் ஊற்றி, போரோசிலிகேட் கண்ணாடிக் குழாயை அதற்குள் விட்டால், மூழ்கிய பகுதி காணாமல் போகும். கண்ணாடிக்கும் கிளிசரினுக்கும் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய ஒன்று, 1.47. ஒளிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, வளையாமல் நேராகப் போய்விடும். நம் தோல் ஏன் ஒளிபுகாமல் இருக்கிறது? அதில் தண்ணீரும் கொழுப்பும் புரதமும் கலந்து கிடக்கின்றன. தண்ணீரின் எண் 1.33, மற்றவை அதைவிடக் கூடுதல். ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறுகிறது. டார்ட்ராசின் நீல ஒளியைப் பலமாக உறிஞ்சுகிறது. அப்படி ஒரு நிறத்தைப் பலமாக உறிஞ்சும் பொருள் தண்ணீரில் கரைந்தால், சிவப்பு ஒளிக்குத் தண்ணீரின் ஒளிவிலகல் எண் உயர்ந்துவிடும். இது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தெரிந்த இயற்பியல் விதி. தண்ணீரின் எண் உயர்ந்து கொழுப்பை நெருங்கியதும் சிதறல் குறைகிறது. ஒளியைத் தடுக்கும் சாயத்தைப் பூசி ஒளியை உள்ளே விட்டிருக்கிறார்கள்! நூறு வருடமாகப் புத்தகத்தில் இருந்த விதியை எடுத்து உயிருள்ள தோலில் வைத்துப் பார்க்க யாருக்கோ தோன்றியதே, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

உங்கள் கையில் ஏன் நடக்கவில்லை? கடையில் கலக்குவது துளி அளவு. அங்கே தடவியது மிக அடர்த்தியான கரைசல். அப்புறம், மனிதத் தோல் எலித் தோலைவிடப் பல மடங்கு தடிமன். மனிதர்களிடம் அவர்கள் சோதிக்கவில்லை. ஊசி போடும்போது நரம்பு தேடுவதற்கும், தோலுக்கடியில் உள்ள கட்டியைப் பார்ப்பதற்கும் என்றாவது உதவலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். சாயம் சிலருக்கு ஒவ்வாமை தரும். வேலை செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மியூவான் சோதனையில் புதிய விசை கண்டுபிடித்துவிட்டதாக 2021-இல் செய்தி வந்ததால்தான் நான் இயற்பியல் எடுத்தேன். இப்போது அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்கள். ஏமாற்றமாக இருக்கிறது.
— பி.எஸ்சி. மாணவர், பாளையங்கோட்டை

ஏமாற வேண்டாம் தம்பி. நடந்தது என்னவென்று முழுதாகக் கேளுங்கள்.

மியூவான் எலெக்ட்ரானின் அண்ணன். நிறை 207 மடங்கு, ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. காந்தப்புலத்தில் அது பம்பரம் போலத் தலையாட்டும். எவ்வளவு வேகமாக ஆட்டும் என்பதைக் கோட்பாட்டிலிருந்து கணக்கிடலாம், சோதனையில் அளக்கவும் செய்யலாம். இரண்டும் பொருந்தாவிட்டால் நமக்குத் தெரியாத துகள் ஏதோ நடுவில் இருக்கிறது என்று பொருள். அமெரிக்காவின் புரூக்ஹேவனில் அளந்தபோது பொருந்தவில்லை. சந்தேகத்தைத் தீர்க்க, சுமார் 15 மீட்டர் அகலமுள்ள அந்தக் காந்த வளையத்தைக் கழற்ற முடியாமல் முழுசாகவே தூக்கி, 2013-இல் படகிலும் லாரியிலும் ஏற்றி, ஃபுளோரிடாவைச் சுற்றி மிசிசிப்பி ஆற்று வழியாகச் சிகாகோ பக்கத்தில் உள்ள ஃபெர்மிலாபுக்குக் கொண்டுபோனார்கள். சுமார் 5,000 கிலோமீட்டர்.

2021 ஏப்ரல் 7-ஆம் தேதி முதல் முடிவு வந்தது: இடைவெளி 4.2 சிக்மா. ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று சொல்லும் அளவு அது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 வேண்டும். செய்தித்தாள்களில் இதுதான் தலைப்பு. அதே நாளில் 'நேச்சர்' இதழில் இன்னொரு கட்டுரையும் வந்தது. ஐரோப்பியக் குழு ஒன்று, கணக்கில் மிகக் கடினமான, அணுக்கருவைச் சேர்த்துப் பிடித்திருக்கும் வலிய விசையின் பங்கை மீக்கணினியில் நேரடியாகக் கணக்கிட்டு, சோதனைக்கு அருகில் வரும் விடையைச் சொன்னது. அது தலைப்பு ஆகவில்லை. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கிலிருந்து 2023-இல் வந்த அளவீடும் கோட்பாட்டுக்குப் பயன்படுத்திய பழைய தரவுகளோடு மோதியது. 2025-இல் கோட்பாட்டாளர்கள் கூடிப் புதுக் கணிப்பை வெளியிட்டார்கள். ஃபெர்மிலாப் தன் இறுதி அளவீட்டை வெளியிட்டது, நூறு கோடியில் 127 பங்கு என்ற துல்லியத்தில். இரண்டும் பொருந்துகின்றன.

சோதனை தோற்கவில்லை. அந்த எண் பாறை மாதிரி நிற்கிறது. இனி யார் எந்தப் புதுத் துகளைக் கற்பனை செய்தாலும் அந்த எண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்னும் தீராதது, கோட்பாட்டுக்காகப் பயன்படுத்திய பழைய மோதல் சோதனைகளின் தரவுகள் ஏன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது. உங்கள் வயதுக்காரர்கள் எடுத்துச் செய்ய அருமையான வேலை அது.

கேள்வி: குவாண்டம் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம், வங்கிப் பாஸ்வேர்டு எல்லாம் ஐந்து நிமிடத்தில் உடையுமாம். என் வைப்புத்தொகை பத்திரமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பத்திரம். கூகுளின் 'வில்லோ' சிப்பைப் பற்றி 2024 டிசம்பரில் வந்த செய்தி திரிந்து வந்திருக்கிறது. ஐந்து நிமிடத்தில் அது செய்தது பாஸ்வேர்டு உடைப்பு இல்லை. சாதாரணக் கணினிக்கு மிகக் கடினமாக இருக்கும்படி தேர்ந்தெடுத்த ஒரு தேர்வுக் கணக்கு. அதற்கு நடைமுறைப் பயன் கிடையாது. வில்லோவின் உண்மையான சாதனை வேறு. குவாண்டம் பிட்டுகள் ஓயாமல் பிழை செய்யும். பல பிட்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கிப் பிழை திருத்தலாம் என்று எப்போதோ சொல்லிவைத்தார்கள்; ஆனால் சேர்க்கச் சேர்க்கப் பிழையும் கூடிக்கொண்டே போனது. வில்லோவில் 3க்கு 3, 5க்கு 5, 7க்கு 7 என்று கட்டத்தைப் பெரிதாக்கியபோது ஒவ்வொரு முறையும் பிழை பாதியாகக் குறைந்தது.

வில்லோவில் 105 பிட்டுகள். இணையத்தில் தகவலை மறைத்து அனுப்பப் பயன்படும் இன்றைய ஆர்எஸ்ஏ பூட்டை உடைக்கச் சுமார் 2 கோடி பிட்டுகள் வேண்டும் என்று 2019-இல் மதிப்பிட்டார்கள். 2025-இல் அதே கணக்கு 10 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. தூரம் குறைந்துவருகிறது என்பது உண்மை. அதனால்தான் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டிலேயே குவாண்டம் கணினிக்கும் அசையாத புதுப் பூட்டுகளை அறிவித்துவிட்டது. அவற்றை மாட்டுவது வங்கிகளின் பொறுப்பு. உங்கள் பொறுப்பு, ஓடிபியை யாரிடமும் சொல்லாமல் இருப்பது.

கேள்வி: புரத அமைப்பைக் கணித்த ஏஐக்கு 2024 நோபல் பரிசு கிடைத்துவிட்டது. இனி உயிர்வேதியியல் படித்து என்ன செய்வது என்று மாமா கேட்கிறார். நான் படிக்கலாமா?
— பிளஸ் டூ மாணவி, செய்யாறு

தாராளமாகப் படியுங்கள். பரிசு வாங்கியவர்கள் மனிதர்கள்: டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர். அந்த ஏஐயின் பெயர் ஆல்ஃபாஃபோல்டு. அது இதுவரை 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தைக் கணித்திருக்கிறது, நிஜம். ஆனால் அது கற்றுக்கொண்டது எதிலிருந்து? ஆய்வகங்களில் படிகமாக்கி, எக்ஸ்ரே பாய்ச்சி, ஒவ்வொன்றாக மனிதர்கள் கண்டறிந்த ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வடிவங்களிலிருந்து. அவற்றைச் சேர்த்துவைக்கும் வங்கி 1971-இல் வெறும் ஏழு வடிவங்களோடு தொடங்கியது.

அதற்கும் முன்னால் சென்னையில் நடந்ததை உங்கள் மாமாவுக்குச் சொல்லுங்கள். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையைத் தொடங்கியவர் ஜி.என். ராமச்சந்திரன். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் எப்படி அமைந்திருக்கிறது என்று அறிய, பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநாண் வாங்கி எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். 1954-இல் அவரும் கோபிநாத் கர்தாவும் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பை முன்வைத்தார்கள். அது தவறு என்று வெளிநாட்டில் விமர்சனம் எழுந்தது: அணுக்கள் ஒன்றையொன்று மிகவும் நெருங்குகின்றன என்றார்கள். சரி, எவ்வளவுதான் நெருங்கலாம் என்று ராமச்சந்திரனே தேடப் போனார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-இல், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று ஒரே வரைபடத்தில் காட்டினார். ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கு உலகில் யார் ஒரு புரத வடிவத்தைக் கண்டாலும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். ஆல்ஃபாஃபோல்டு போட்ட வடிவத்தையும் அப்படியே.

ஏஐயால் முடியாதது நிறைய மிச்சம் இருக்கிறது. அது தரும் படத்தில் நம்பிக்கையுள்ள பகுதி கருநீலத்திலும், நம்பிக்கை குறைந்த பகுதி ஆரஞ்சிலும் இருக்கும். சில புரதங்களில் பாதிக்கு மேல் ஆரஞ்சுதான். அங்கெல்லாம் புரதம் உண்மையில் என்ன செய்கிறது, எதைத் தொட்டதும் உருமாறுகிறது என்று ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். நீங்கள் படிக்கப்போவது அதைத்தான்.

அந்த வடிவ வங்கி எல்லாருக்கும் திறந்திருக்கிறது. புரோட்டீன் டேட்டா பேங்க் தளத்தில் 1CAG என்ற குறியீட்டைக் கொடுத்துத் தேடுங்கள். கொலாஜன் போன்ற ஒரு சிறு புரதத்தின் மூன்று இழை முறுக்கு வரும், 1994-இல் படிகத்திலிருந்து கண்டது. செல்போனிலேயே விரலால் சுழற்றிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. மாமாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள்.